டெவின் ஹெஸ்டரை ஏன் இரண்டு வருடம் காக்க வைத்தார்கள்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் உதைத்து வரும் பந்தைப் பிடித்து ஓடுவதில் பேர்பெற்ற டெவின் ஹெஸ்டர், 2024 ஆகஸ்ட் 3 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில், அந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். போயிருக்க வேண்டியது 2022-இலேயே. இரண்டு முறை இறுதிப் பட்டியல் வரை வந்து, போதிய ஓட்டு விழாமல் திரும்பினார். "அதான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்குப் பழைய கதை?" என்று அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அவரைக் காக்க வைப்பதற்குச் சொன்ன காரணம் தப்பு. அதே காரணம் இன்னும் சிலரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு அணி புள்ளி எடுத்தால், அடுத்து பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டும். அது கிக்ஆஃப். நான்கு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற முடியாது என்று தெரிந்தால், நான்காவது வாய்ப்பில் பந்தைத் தூரமாக உதைத்து விட்டுவிடுவார்கள். அது பண்ட். இப்படி வரும் பந்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுகிறவர்தான் ரிட்டர்னர்.

பண்ட் பந்து நாலு, நாலரை நொடி வானத்தில் இருக்கும். அதற்குள் எதிரணிக்காரர்கள் முழு வேகத்தில் அவரை நோக்கி வந்துவிடுவார்கள். பார்வை பந்தின் மேல் இருக்க வேண்டும், யார் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்பதும் தெரிந்தாக வேண்டும். கையை உயர்த்தி ஆட்டி ஃபேர் கேட்ச் கேட்டால் யாரும் மோத மாட்டார்கள், ஆனால் ஓடவும் முடியாது. கேட்காமல் பிடித்தால் உடம்பைப் பணயம் வைப்பது மாதிரி. கை நழுவினால் பந்து எதிரணிக்குப் போய்விடக்கூடும், அதுவும் நம் கோல் பக்கத்திலேயே. இந்த முடிவை அத்தனை பேர் முன்னால், தனியாக நின்று எடுக்கிற வேலை அது.

ஹெஸ்டர் ஃப்ளோரிடாவின் ரிவியேரா பீச்சில் வளர்ந்தவர். மயாமி பல்கலைக்கழகத்தில் ஆடிய காலத்தில் அவரை எந்த இடத்தில் ஆட வைப்பது என்பதே யாருக்கும் தெளிவாக இல்லை. 2006 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) சிகாகோ பேர்ஸ் அணி இரண்டாவது சுற்றில், 57-வது ஆளாக அவரை எடுத்தது. பந்தை நேராக நின்று பிடித்து ஓடத்தான் அவர் பிறந்திருக்கிறார் என்பது முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. கிரீன் பேயின் லாம்போ மைதானத்தில், பரம எதிரியான பேக்கர்ஸுக்கு எதிராக 84 யார்டு பண்ட் ரிட்டர்ன், டச்டவுன். அதாவது, பந்தை எதிரணிப் பக்கத்துக் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் கொண்டு சேர்ப்பது.

அந்த முதல் சீசனை அப்புறம் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அரிசோனாவில் நடந்த ஆட்டத்தில் பேர்ஸ் 20 புள்ளி பின்தங்கியிருந்தது. பந்தை வைத்து ஆடும் அஃபென்ஸ் அன்று ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. தடுத்து ஆடும் டிஃபென்ஸ் இரண்டு போட்டது, ஹெஸ்டர் 83 யார்டு ஓடி மூன்றாவதைப் போட்டார். முடிவு 24-23, பேர்ஸ் வெற்றி. நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஒரு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி எடுக்கும் புள்ளி) முயன்றது, பந்து கம்பம் வரை எட்டாமல் குறைந்துபோனது. எண்ட் ஸோனின் உள்ளே அதைப் பிடித்த ஹெஸ்டர் ஆட்டம் நின்றுவிட்டது மாதிரி அலட்சியமாக ரெண்டு எட்டு வைத்தார். எதிரணியும் அசந்துவிட்டது. அப்புறம் பிடித்தார் ஓட்டம், 108 யார்டு. டிசம்பரில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு கிக்ஆஃப்களை டச்டவுன் ஆக்கினார். முதல் சீசனிலேயே மொத்தம் ஆறு. அடுத்த சீசனில் மறுபடியும் ஆறு.

இடையில் 2007 பிப்ரவரி 4, மயாமியில் சூப்பர் பவுல், சீசனின் இறுதி ஆட்டம். மழை. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி தைரியமாக அவரிடமே உதைத்தது. 92 யார்டு, 14 நொடி, டச்டவுன். சூப்பர் பவுலின் தொடக்க கிக்ஆஃபையே டச்டவுன் ஆக்கியவர் அதற்கு முன் யாரும் கிடையாது. பேர்ஸ் 29-17 என்று தோற்றது, அது வேறு. ஆனால் அந்த 14 நொடிக்குப் பிறகு கோல்ட்ஸ் என்ன செய்தது என்பதைப் பாருங்கள். பந்தை அவர் கைக்கு எட்டாதபடி தரையோடு உருட்டி உதைக்க ஆரம்பித்தது. அதனால் பேர்ஸுக்குப் பல யார்டுகள் சும்மா கிடைத்தன. அவை எதுவும் ஹெஸ்டரின் கணக்கில் ஏறவில்லை.

என் வாதமே இங்கேதான் இருக்கிறது. அவரைத் தேர்ந்தெடுக்கத் தயங்கியவர்கள் சொன்னது இதுதான்: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கோ முன்வரிசையில் மோதும் லைன்மேனோ ஒரு ஆட்டத்தில் அறுபது, எழுபது தடவை களத்தில் நிற்கிறார், ரிட்டர்னர் நிற்பதோ விரல்விட்டு எண்ணும் தடவைகள், இருவருக்கும் எப்படி ஒரே மரியாதை கொடுப்பது? கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எதிரணிப் பயிற்சியாளர்கள் வாரம் முழுக்க உட்கார்ந்து திட்டம் போட்டது இந்த ஒரு ஆளிடம் பந்து போகாமல் இருக்கத்தான். பண்ட் உதைப்பவர் தன் முழு பலத்தையும் காட்டாமல் பந்தை ஓரக்கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார், தூரம் குறைந்துவிடும். கிக்ஆஃபை வெளியே தள்ளினால் பந்து நேராக 40 யார்டு கோட்டில் வைக்கப்படும். அன்றைய பேர்ஸின் அஃபென்ஸ் சாதாரணம்தான், அந்த அணிக்கு இது பெரிய உதவி. அவர் பந்தைத் தொடாமலே அணி முன்னேறியது. களத்தில் நின்ற தடவைகளை மட்டும் எண்ணினால் இது எப்படித் தெரியும்?

2007 நவம்பரில் டென்வர் பிராங்கோஸ் இதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தது. அவரிடமே உதைத்தார்கள். பண்டில் 75 யார்டு, கிக்ஆஃபில் 88 யார்டு, இரண்டும் டச்டவுன். ஓவர்டைமில் பேர்ஸ் 37-34 என்று ஜெயித்தது.

பேர்ஸின் நிர்வாகத்துக்கும் இதே சந்தேகம் இருந்தது என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இவ்வளவு வேகம் உள்ளவரை ஆட்டத்துக்குச் சில தடவை மட்டும் இறக்குவதா என்று, எறியும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவராக மாற்றினார்கள். மோசமாக ஆடவில்லை, 2009-இல் 57 கேட்ச், 757 யார்டு. ஆனால் 2008, 2009 இரண்டு சீசனிலும் சேர்த்து ஒரு ரிட்டர்ன் டச்டவுன்கூட இல்லை. ரிசீவருக்கான பாதைகளை மனப்பாடம் செய்து, ஒவ்வொரு வாய்ப்பிலும் ஓடிக் களைத்தவரிடம் பண்டுக்கும் போய் நில் என்றால் கால் எப்படி வரும்? உலகத்திலேயே ஒரு வேலையை மிகச் சிறப்பாகச் செய்தவரை, சுமாராகச் செய்யும் இன்னொரு வேலைக்கு அனுப்பினார்கள். அவருடைய உச்ச வயதில் இரண்டு வருடம் அப்படிப் போனது. அவர் எண்ணிக்கை இன்னும் எங்கேயோ போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

2010-இல் பழைய ஹெஸ்டர் திரும்பினார். அந்த டிசம்பரில் மினியாபொலிஸில் வைகிங்ஸின் மைதானக் கூரை பனியில் கிழிந்து, ஆட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் திறந்த மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள். உறைந்து கிடந்த அந்தத் தரையில் 64 யார்டு ஓடி, பண்ட், கிக்ஆஃப் இரண்டையும் சேர்த்து 14-வது டச்டவுனைப் போட்டார். பழைய ரிட்டர்னர் பிரையன் மிட்செலின் 13 என்ற சாதனை முறிந்தது. பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸின் பயிற்சியாளர் டேவ் டௌபின் பங்கை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஹெஸ்டருக்காகத் தடுப்பு அமைத்த பத்து பேரின் பெயர்கள் பல ரசிகர்களுக்குத் தெரியாது, ஆனால் முதல் இடைவெளியைத் திறந்து கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

2014-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போனார். செப்டம்பர் 18 அன்று டாம்பா பேவுக்கு எதிராக 62 யார்டு பண்ட் ரிட்டர்ன். எல்லா வகை ரிட்டர்னையும் சேர்த்து அது 20-வது டச்டவுன். முன்னாள் ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸின் 19 என்ற கணக்கைத் தாண்டியது. சாண்டர்ஸ்தான் ஹெஸ்டருக்குச் சிறுவயது நாயகன், பிறகு வழிகாட்டி. எண்ட் ஸோனை நெருங்கும்போது ஹெஸ்டர் முழங்காலை உயர்த்தி உயர்த்தி, அச்சு அசல் சாண்டர்ஸ் மாதிரியே ஓடினார். சாண்டர்ஸும் அன்று டிவி வேலையாக அந்த மைதானத்தில்தான் இருந்தார். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: சாண்டர்ஸின் 19-இல் பாதிக்கு மேல் இடைமறித்துப் பிடித்த பந்துகள் போன்ற டிஃபென்ஸ் டச்டவுன்கள். ஹெஸ்டரின் 20-உம் உதைத்து வந்த பந்தில் எடுத்தவை. பண்டில் 14, கிக்ஆஃபில் 5, தவறிய ஃபீல்டு கோலில் 1. சூப்பர் பவுல் ஓட்டம் இதில் சேராது.

இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் தன் நூறாவது ஆண்டு அணியை 2019-இல் அறிவித்தபோது ரிட்டர்னர் இடத்துக்கு இரண்டு பேரை எடுத்தது. ஒருவர் ஹெஸ்டர், இன்னொருவர் பில்லி 'வைட் ஷூஸ்' ஜான்சன். நூறு வருடத்தில் சிறந்த இருவர் என்று லீக்கே சொல்கிறது, ஹாலின் ஓட்டாளர்கள் மூன்று வருடம் கழித்து "யோசிக்கிறோம்" என்கிறார்கள். உதைப்பவர்களுக்கோ எப்போதோ கதவு திறந்துவிட்டது. கிக்கர் ஜான் ஸ்டெனெரூட் 1991-இல் போனார், பண்டர் ரே கை 2014-இல் போனார். பந்தை உதைக்கிறவருக்கு இடம் உண்டு, அதை வாங்கி ஓடுகிறவருக்கு இல்லை என்றால் என்ன கணக்கு?

கிக்ஆஃப் ஓட்டத்தையே லீக் மெல்ல மெல்லக் குறைத்ததையும் சொல்ல வேண்டும். 2011-இல் உதைக்கும் இடத்தை 30-லிருந்து 35 யார்டு கோட்டுக்கு நகர்த்தினார்கள், பல பந்துகள் எண்ட் ஸோனைத் தாண்டிப் போய் ஓட்டமே இல்லாமல் ஆனது. மூளையில் அடிபடுவதைக் குறைக்கத்தான் செய்தார்கள், அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஒரு கிக்ஆஃபைக்கூட யாரும் திருப்பி ஓடவில்லை. அப்புறம் லீக்குக்கே மனசு மாறி, இரு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும் புது முறையைக் கொண்டுவந்தது. அந்தப் புது கிக்ஆஃப் முதன்முதலாக ஆடப்பட்டது 2024 ஆகஸ்ட் 1 அன்று, அதே கேன்டனில், ஆடிய அணிகளில் ஒன்று சிகாகோ பேர்ஸ். இரண்டு நாள் கழித்து ஹெஸ்டரின் விழா.

இனி மிச்சம் இருப்பது ஜான்சனும் மிட்செலும். மிட்செல் கிக்ஆஃபில் 14,014 யார்டு, பண்டில் 4,999 யார்டு ஓடியவர். கூட்டினால் 19,013. வாஷிங்டனிலும் பிலடெல்ஃபியாவிலும் அவர் வருடக்கணக்காக அடி வாங்கி வாங்கிச் சேர்த்த தூரம் அது. ஜான்சனோ நூறு வருட அணியில் ஹெஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கிறார், ஹாலில் மட்டும் இல்லை. ஹெஸ்டருக்கு ஓட்டுப் போட்ட கைகள் இந்த இருவருக்கும் போட வேண்டும். ஜான்சன் 1952-இல் பிறந்தவர், அவர் விஷயத்தில் இனியும் தள்ளிப்போட நேரமில்லை.