13-ஆம் பின் நாசமாய்ப் போக

டிவி வாங்கியவன் நான், சவுண்ட்பார் வாங்கியவன் நான், கரண்ட் பில் கட்டுகிறவனும் நான். ஆனால் எது எப்போது ஆன் ஆக வேண்டும், எந்த இன்புட் திரையில் தெரிய வேண்டும், சத்தம் எதிலிருந்து வர வேண்டும் என்பதையெல்லாம் இந்தப் பொருட்கள் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்கின்றன, என்னை ஒரு வார்த்தை கேட்பதில்லை. டிவியையும் மற்றவற்றையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் வழியே நடக்கும் இந்தப் பேச்சுக்கு எச்டிஎம்ஐ சிஇசி என்று பெயர். ஒரே ரிமோட்டில் எல்லாவற்றையும் இயக்கலாம் சார் என்று கடையில் சொல்லி விற்கிறார்களே, அதேதான். எங்கள் வீட்டு டீப்பாய் மேல் நாலு ரிமோட் கிடக்கிறது. நாலும் வேண்டியிருக்கிறது.

அம்மா ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டாண்ட்பையில் கிடக்கும் கேம் கன்சோலுக்கு அந்நேரம் பார்த்து அப்டேட் இறக்கத் தோன்றும், கண் விழிக்கும். விழித்தது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம் அல்லவா, கிடக்காது, "இனி திரையில் நான்தான்" என்று ஓர் அறிவிப்பை விடும். டிவியும் அதை நம்பி, மாமியார் மருமகளை அறையப் போகிற இடத்தில் சீரியலைக் கைவிட்டுவிட்டு அந்த இன்புட்டுக்குத் தாவும். கன்சோல் அப்டேட்டை முடித்துக்கொண்டு மறுபடி தூங்கப் போகும், போகிற போக்கில் டிவியையும் அணைத்துவிட்டுப் போகும். "டேய், அது மறுபடியும் போயிடுச்சு, வந்து பாரு" என்று ஹாலிலிருந்து குரல் வரும். நான் போய் ரிமோட்டில் சோர்ஸ் பட்டனைத் தேடி அமுக்கி, டிடிஎச் பாக்ஸைப் பிடித்து, படம் வந்தால் ஒலி வராது, ஒலி வந்தால் சவுண்ட்பாரிலும் டிவி ஸ்பீக்கரிலும் ஒன்றன்பின் ஒன்றாக எதிரொலி மாதிரி வரும். அதைச் சரிசெய்வதற்குள் விளம்பர இடைவேளையே முடிந்துவிடும்.

கரண்ட் போய் வந்தால் இன்னும் விசேஷம். எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் பூட் ஆகி, ஒவ்வொன்றும் நான்தான் நான்தான் என்று கத்தும். வெளியூர் போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்தால் யாருமில்லாத வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்டிரீமிங் ஸ்டிக்கின் ஸ்கிரீன்சேவரில் ஏதோ ஒரு வெளிநாட்டு மலை. பக்கத்து வீட்டு மாமா "ஆள் இல்லாத வீட்ல சத்தம் கேட்டுச்சே" என்று என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

இதன் வண்டவாளத்தைப் பார்த்தால் எரிச்சல் இன்னும் ஏறுகிறது. எச்டிஎம்ஐ பிளக்கில் மொத்தம் 19 பின். பெரும்பாலானவை படத்துக்கும் ஒலிக்கும். 13-ஆம் பின் மட்டும் சிஇசிக்கு. எச்டிஎம்ஐ வந்தது 2002 டிசம்பரில், அதற்கும் முன்னால் ஐரோப்பாவில் ஸ்கார்ட் பிளக் காலத்தில் இருந்த ஏவி.லிங்க் என்ற முறையிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் இந்த சிஇசி. வேகம் நொடிக்குச் சுமார் 400 பிட். பைட் இல்லை, கிலோபிட்டும் இல்லை, வெறும் பிட். 2017-இல் வந்த எச்டிஎம்ஐ 2.1 பதிப்பில் அதே கேபிளின் மற்றக் கம்பிகளில் நொடிக்கு 48 கிகாபிட் வரை பாய்கிறது, பக்கத்திலேயே இது நத்தை மாதிரி ஊர்கிறது. டிவியில் எத்தனை எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் எல்லாவற்றின் 13-ஆம் பின்னும் ஒரே கம்பியில்தான் சேரும். ஏதாவது ஒரு உதவாக்கரைப் பெட்டி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றால் மற்ற எல்லாமும் ஊமை. எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று திரையில் ஒரு வரி காட்டுமா என்றால், அதெல்லாம் கிடையாது, நாமே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் வெறுத்துப் போய் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போர்டை எடுத்து டிவியில் செருகி, அந்தக் கம்பியில் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று சிஇசி-கிளையன்ட் மென்பொருளில் ஒட்டுக் கேட்டேன். 82:30:00 என்று ஒரு வரி ஓடியது. 82 என்றால் இப்போது படம் தருவது நான்தான் என்று அர்த்தம், 30:00 என்றால் மூன்றாவது எச்டிஎம்ஐ. கன்சோல். கொஞ்ச நேரத்தில் அதனிடமிருந்தே 36 என்று ஒரு செய்தி, எல்லோரும் தூங்குங்கள் என்று. அவ்வளவுதான் விஷயம். அந்த இன்புட்டில் இப்போது யாராவது எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்கும் வழக்கமே இல்லை. யார் கடைசியாகக் கத்தினார்களோ அவர்களுக்குத் திரை. இதில் முகவரிக் கூத்து வேறு. டிவிக்கு 0, ஒலிக் கருவிக்கு 5, படம் ஓட்டும் கருவிகளுக்கு 4, 8, 11 என்று மூன்றே இடம் ஒதுக்கினார்கள். இன்று ஒரு சாதாரண வீட்டில் ஸ்டிக், கன்சோல், ப்ளூ-ரே பிளேயர், இன்னொரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்று நாலு இருக்கும். அந்தப் பழைய கணக்கில் நாலாவதற்குப் பெயரும் கிடையாது ஊரும் கிடையாது.

இதை ஒழுங்காகச் செய்ய வேண்டிய கம்பெனிகள் என்ன செய்தன? ஆளுக்கு ஒரு பெயர் வைத்தன. சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க். எல்லாம் ஒன்றே. ஆனால் சிஇசியை எப்படி அணைப்பது என்று தேடிக்கொண்டு மெனுவுக்குள் போகிற ஒருவனுக்கு சிம்ப்லிங்க் என்ற சொல் என்னத்தைச் சொல்லும்? அதுவும் முதல் பக்கத்தில் இருக்காது. செட்டிங்ஸ், அதற்குள் ஜெனரல், அதற்குள் எக்ஸ்டர்னல் டிவைஸ் என்று பாதாளம் வரை இறங்க வேண்டும். இதற்கெல்லாம் மேல் ஒன்று, விதிப்படி கம்பி மட்டும்தான் கட்டாயம், அதில் எந்தக் கட்டளைக்குப் பதில் சொல்வது எதற்குச் சொல்லாமல் இருப்பது என்பது பெரும்பாலும் அவரவர் இஷ்டம். ஒன்று ஆன் செய்யச் சொன்னால் கேட்கும், ஆஃப் செய்யச் சொன்னால் கேட்காது. இன்னொன்று வால்யூமை மட்டும் ஏற்கும். இந்த லட்சணத்தில் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள், எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் என்று.

சரி, இந்தச் சனியனையே மொத்தமாக ஆஃப் செய்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். வினையே அங்கேதான் இருக்கிறது. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-இல் ஏஆர்சி என்று ஒன்றைச் சேர்த்தார்கள், டிவியின் ஒலி அதே கேபிள் வழியே திரும்பி சவுண்ட்பாருக்கு வரும். நல்ல வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒலிப் பாதையைத் திற, மூடு என்ற கட்டளை போவது இந்தப் பாழாய்ப்போன சிஇசி கம்பியில். சிஇசியை அணைத்தால் இன்புட் தாவாது, கூடவே சவுண்ட்பாரும் செத்துப்போகும். ஒலி வேண்டுமென்றால் தாவலையும் சேர்த்து வாங்கிக்கொள் என்று கட்டாயம். 2.1-இல் வந்த இ-ஏஆர்சி, அதாவது ஏஆர்சியின் புது வடிவம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், அதற்கு சிஇசி தேவையில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்து என்ன, பல டிவிகளின் மெனுவில் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கிறார்கள், ஒன்றை அணைத்தால் மற்றதும் சாம்பல் நிறமாகி நிற்கிறது. ஒலிக்கு மட்டுமான ஆப்டிக்கல் கேபிள் போட்டுப் பார்க்கலாம்தான், டால்பி டிஜிட்டல் 5.1 வரை வரும், தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்க வைக்கும் டால்பி அட்மாஸ் வராது. டிவி ரிமோட்டில் வால்யூமும் கேட்காது. அட்மாஸுக்கென்று கூடுதலாக வாங்கிய பணத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

கஸ்டமர் கேர் தனிக் கதை. சவுண்ட்பார்க்காரர்கள் டிவி செட்டிங் என்பார்கள். டிவிக்காரர்கள் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்வார்கள், செய்தால் வைஃபை பாஸ்வேர்டிலிருந்து எல்லா ஆப் பாஸ்வேர்டும் வரை ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து நகர்ந்து அடிக்க வேண்டும், முடிந்ததும் சிஇசி மறுபடி ஆனில் நிற்கும், ஏனென்றால் கம்பெனியிலிருந்து வரும்போதே அது ஆன். வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் தம்பி டிவியின் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், "கேபிள்தான் சார் பிரச்சனை, நல்ல கேபிளா போடுங்க" என்றார். ஏம்ப்பா, நொடிக்கு 400 பிட் போகிற கம்பிக்குத் தங்க முலாம் பூசிய கேபிள் எதற்கு? கேபிள் கெட்டால் அதற்கு அறிகுறியே வேறு: 4கே 60 ஃப்ரேமில் எச்டிஆர் படம் ஓடும்போது வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும், இல்லையென்றால் படம் விட்டுவிட்டு மறையும், 1080-க்கு இறக்கினால் சரியாகிவிடும். அதற்கு பிரீமியம் ஹைஸ்பீடு முத்திரையுள்ள கேபிள் போடலாம், நியாயம். ஒரு கருவியை ஆன் செய்ததும் சில நொடி கறுத்து, வந்து, மறுபடி கறுத்தால் அது எச்டிசிபி என்ற காப்பியடிப்புத் தடுப்புப் பூட்டின் கைகுலுக்கல் தகராறு, நடுவில் இருக்கும் ரிசீவரோ சவுண்ட்பாரோ எச்டிசிபி 2.2 தெரியாத பழசாக இருந்தால் 4கே படமே வராது. இன்புட் தானாகத் தாவினால் அது சிஇசி. மூன்றுக்கும் ஒரே மருந்து கேபிள் என்று சொல்லும் ஆளை என்ன செய்வது?

2.1 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் பிழைக்கலாமா என்றால் அதிலும் மண். 2.1-இன் புது வசதிகள் எதுவும் கட்டாயமில்லை, 2.0 அளவிலேயே நிற்கும் பொருளுக்கும் 2.1 என்று பெயர் போடலாம் என்பது 2021 கடைசியில்தான் பலருக்குத் தெரியவந்தது.

ஓரளவு வேலை செய்வதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது ஒருவராவது நிம்மதியாகத் தூங்கட்டும். டிவியிலும் சவுண்ட்பாரிலும் மட்டும் சிஇசியை விட்டுவையுங்கள், கன்சோல், ஸ்டிக், பாக்ஸ் எல்லாவற்றிலும் அதனதன் செட்டிங்கில் போய் அணையுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிளக்கோடு பிடுங்கி, சில நிமிடம் விட்டு, முதலில் டிவி, பிறகு சவுண்ட்பார், கடைசியில் மற்றவை என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஸ்டாண்ட்பையில் அவை விழித்துக்கொண்டுதான் இருக்கும். சவுண்ட்பார் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் ஓட்டையில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிக்கு அப்டேட் வந்தால் மறுபடி ஒருமுறை மெனுவுக்குள் போய்ப் பாருங்கள், சில சமயம் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும்.

அணைக்கும் வசதியே இல்லாத பெட்டிகளும் உண்டு, எங்கள் டிடிஎச் பாக்ஸ் அந்த ரகம். அதற்கென்று 13-ஆம் பின்னை மட்டும் இணைக்காமல் விட்ட குட்டி அடாப்டர் ஆன்லைனில் விற்கிறார்கள். கேபிளுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் செருகினால் படம் வரும், பேச்சு போகாது. வாங்கிப் போட்டேன், வேலை செய்கிறது. ஒரு வசதிக்குக் காசு கொடுத்து, அந்த வசதியை வாயடைக்க இன்னொரு தரம் காசு கொடுத்திருக்கிறேன். இன்புட்டைத் தானாக மாற்றாதே, ஒலியை மட்டும் அனுப்பு என்று டிவி மெனுவில் இரண்டு தனித்தனி ஸ்விட்ச் வைக்க இந்தக் கம்பெனிகளுக்கு என்ன கேடு?