பென்ரின் துறை யாருடைய கொடையும் இல்லை

இரண்டு நாளாகச் சுற்றும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேல்ஸின் பாங்கர் நகரையொட்டிய பென்ரின் துறைமுகம் 'ஒரு பிரபு ஊருக்குக் கொடுத்த கொடை'யாம். கொடை என்ற அந்தச் சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பிரபு ரிச்சர்ட் பென்னன்ட். அவர் துறை கட்டிய பணம் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்துக் குவித்த பணம். அடிமைமுறை ஒழிந்தபோது, 764 பேரை விடுவித்ததற்கு இழப்பீடாக அவருடைய வாரிசுக்கு 14,683 பவுண்டு கிடைத்தது. அந்த 764 பேருக்கு ஒரு காசும் இல்லை. இதுவா கொடை?

பெத்தெஸ்டா ஊரின் குவாரியிலிருந்து துறைக்கு வந்த ஸ்லேட்டின், அதாவது கூரை வேயும் பலகைக்கல்லின், கதையைக் கேளுங்கள். வெட்டிய பாறை ஈரம் காய்வதற்குள் உளி வைத்துப் பிளக்க வேண்டும். காய்ந்துவிட்டால் சீராகப் பிளக்காது. 24க்கு 12 அங்குலப் பலகைக்கு 'டச்சஸ்', 20க்கு 10 என்றால் 'கவுண்டஸ்', 16க்கு 8 என்றால் 'லேடி'. தூசியை விழுங்கிப் பிளந்தவன் ஒருவன், பெயர் மட்டும் சீமாட்டிகளுக்கு. பலகைகளைப் படுக்கவைத்தால் உடையும், செங்குத்தாகத்தான் அடுக்க வேண்டும். குவாரியிலிருந்து துறைக்கு அவற்றைக் கொண்டுவர 1801இல் குதிரைகள் இழுத்த இருப்புப்பாதை வந்தது. சரிவுகளில் இறங்கும் பாரவண்டியே காலிவண்டியை மேலே இழுக்கும். தண்டவாளத்தின் தலை முட்டை வடிவம், அதற்கேற்பச் சக்கர விளிம்பில் பள்ளம். ஓட ஓடப் பள்ளம் தேய்ந்து ஆழமாகி, சக்கரம் தண்டவாளத்தை இறுகக் கவ்விக்கொண்டது. பிறகு தட்டைத் தலைக்கு மாற்றினார்கள். இத்தனையையும் விட்டுவிட்டுப் பிரபுவின் படத்தை மட்டும் காட்டுகிறீர்களே!

'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்பீர்கள். இல்லை. பென்னன்ட் உறுப்பினராக இருந்த அதே நாடாளுமன்றத்தில் அடிமை வணிகத்தை நிறுத்தச் சொன்னவர்களும் இருந்தார்கள். பென்னன்ட் அவர்களை எதிர்த்துப் பேசியவர். 'முதலீடு இல்லாமல் துறை வருமா?' சரி, வராது. ஆனால் முதல் போட்டவர் லாபத்துக்குப் போட்டார். அதைக் கொடை என்று சொல்லாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

1900 நவம்பரில் பெத்தெஸ்டா குவாரியிலிருந்து சுமார் 2,800 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வெளியேறினார்கள். குவாரியின் அப்போதைய உரிமையாளரான பென்ரின் பிரபு தொழிற்சங்கத்தோடு பேச மறுத்தார். மூன்று ஆண்டு இழுத்தது. வேலைக்குத் திரும்பாத வீடுகளின் சன்னலில் ஓர் அட்டை: 'இந்த வீட்டில் துரோகி இல்லை.' அந்த வீடுகளில் பிள்ளைகள் பசியோடு கிடந்தார்கள். கொடையாளியின் ஊரில் இப்படியா நடக்கும்?

2021இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது அந்தக் குவாரியிலிருந்து இந்தத் துறை வரையிலான நிலமும்தான். காணொளி போட்டவர்களே, அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு, 764 பேரையும் 2,800 பேரையும் சேர்த்து மறுபடி போடுங்கள். நானே பகிர்கிறேன்.