ஒரு போட்டோவுக்கு இத்தனை பாடா?

கப்பல் பயணத்துக்கு ஆன்லைன் செக்-இன். மற்ற விவரங்களெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தன. அப்புறம் வந்தது போட்டோ. சுவர் முன்னால் நின்றால் நிழல் விழுகிறதாம். ஜன்னல் பக்கம் திரும்பினால் வெளிச்சம் அதிகமாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், அதற்கும் 'படம் ஏற்கப்படவில்லை'. என்ன தவறு என்று ஒரு வரி சொன்னால் என்ன?

பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து ஏற்றுவதும் அப்படித்தான். அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்குமே, அதன் மேல் கொஞ்சம் வெளிச்சம் பட்டு மின்னினாலும் போச்சு.

கப்பலில் ஏறி இறங்கும்போது பயணிக்குத் தரும் அட்டையைக் காட்டினால் காவலரின் திரையில் வருவது இந்த முகம்தான். தெளிவாகக் கேட்பது சரி, நியாயம். ஆனால் வயதான அம்மாவை ஏழு முறை நிமிர்ந்து உட்கார வைத்தேனே, அதுதான் ஆறவில்லை. படம் சேராவிட்டால் துறைமுகத்திலேயே எடுத்துக்கொள்வார்களாம். அதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கக் கூடாதா?