முக்கடல் சேருகிறது, மூன்று காலண்டர் சேர மாட்டேன் என்கிறது

கொட்டாரத்தில் அப்பா கட்டிய ஓட்டு வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. கன்னியாகுமரிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். இரண்டு அறை, ஒரு முற்றம், பின்னால் நாலு தென்னை. அந்த வீட்டுக்குச் சாவி ஒன்றுதான். அது பக்கத்து வீட்டம்மாவிடம் இருக்கும். விற்கிற இடம் மட்டும் மூன்று: வாடகைக்கு விட இரண்டு இணையதளம், வீடு மாற்றித் தங்க ஒரு இணையதளம்.

போன டிசம்பர் 31 மத்தியானம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு அடியந்திர விருந்துக்குப் போயிருந்தேன். இலையில் பாயசத்தோடு பழம் பிசைந்துகொண்டிருந்தபோது போனில் இரண்டு மெயில் வந்தது. இரண்டிலும் ஆறு பேர், இரண்டிலும் அன்றைக்கு ராத்திரி. ஒரே புக்கிங்குக்குத்தான் இரண்டு மெயில் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கையைக் கழுவப் போய்விட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு புக்கிங்குக்கு ஏழு மெயில் அனுப்பிப் பழக்கியது யார் என்று மட்டும் கேட்டு வைக்கிறேன்.

சாயங்காலம் ஆறரைக்குப் பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டார். "அண்ணாச்சி, மதுரைக்காரங்க உள்ள குளிச்சிட்டு இருக்காவ. இப்போ கேரளாவுல இருந்து ஒரு டெம்போ டிராவலர் வந்து நிக்கி. அவங்களும் புக் பண்ணியிருக்காவளாம். சாவி ஒண்ணுதானே இருக்கு, நான் என்ன செய்ய?"

டிசம்பர் 31இல் கன்னியாகுமரியில் அறை தேடிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் ஐயப்ப சீசன். இன்னொரு பக்கம் புத்தாண்டுச் சூரியனைப் பார்க்க வருகிற கூட்டம். 2024 கடைசியில் வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அதற்கென்றே ஒரு கூட்டம். பதினோரு லாட்ஜுக்குப் போன் போட்டேன். பத்தில் "ஃபுல் அண்ணாச்சி". பதினொன்றாவதில் போனையே எடுக்கவில்லை. கடைசியில் அந்தக் கேரளக் குடும்பத்தை நாகர்கோவில் வடசேரியில் நாங்கள் குடியிருக்கிற வீட்டில் படுக்க வைத்தோம். நானும் மனைவியும் மொட்டைமாடியில் பாய் விரித்துப் புத்தாண்டை வரவேற்றோம். பனியில் எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

இத்தனைக்கும் மூன்று தளத்தின் புக்கிங் காலண்டரையும் 'சின்க்' செய்து, அதாவது ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தேன். திரையில் பச்சை டிக் வேறு.

இந்தச் சின்க் என்கிற வார்த்தையே பச்சைப் பொய். ஒரு தளத்தில் புக்கிங் விழுந்தவுடன் அது மற்றத் தளங்களுக்குச் சொல்லும் என்றுதானே நினைப்போம்? சொல்லவே சொல்லாது. தன் வாசலில் ஒரு சீட்டு எழுதி ஒட்டி வைக்கும், அவ்வளவுதான். மற்றத் தளங்கள் தங்களுக்குத் தோன்றும்போது வந்து அந்தச் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சில தளம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கும், சிலது இன்னும் மெதுவாக. அந்தச் சீட்டின் பெயர்தான் ஐகால் கோப்பு. 1998இல் வரையறுத்த முறை, 2009இல் திருத்தினார்கள். இந்த நாள் முதல் இந்த நாள் வரை ஆள் இருக்கிறது என்று வெறும் எழுத்தில் இருக்கும், நோட்பேடில் திறந்தே படிக்கலாம். ஆபீஸ் மீட்டிங் குறித்து வைக்க வந்ததைப் பிடித்து வாடகை வீட்டுக் கழுத்தில் கட்டிவிட்டார்கள்.

எனக்கு நடந்தது இதுதான். முதல் தளத்தில் மதுரைக்காரர்கள் புக் செய்தது 12.10க்கு. இரண்டாவது தளம் எட்டிப் பார்த்தது 11.30க்கு, அடுத்து பார்த்தது 2.30க்கு. நடுவில் 1.20க்குக் கேரளக் குடும்பம். 'உடனடி உறுதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டிவிட்டார்கள். சீட்டுப் பார்க்க மூன்று மணி நேரம், விற்க மட்டும் ஒரு நொடி. இந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு? நான்தானாம். புக்கிங்கை நான் ரத்து செய்தால் அபராதம் என் கணக்கில் விழும், தேடலில் என் வீடு கீழே இறங்கும்.

வாடகையாவது போகட்டும், பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் காலில் விழுந்தால் முடிந்தது. வீடு மாற்றித் தங்குவது அப்படியில்லை. மகன் நெதர்லாந்தில் உட்ரெக்டில் ஒரே ஒரு அறையில் இருக்கிறான், நாங்கள் இரண்டு பேரும் போனால் சமையலறையில்தான் படுக்க வேண்டும். அதே ஊரில் ஒரு டச்சுத் தம்பதி, பொங்கல் சமயம் இரண்டு வாரம் கொட்டாரம் வீட்டில் தங்க ஆசைப்பட்டார்கள். பதிலுக்கு மே மாதம் அவர்கள் வீடு எங்களுக்கு. அவர்களுக்கு லீவு கிடைக்க வேண்டும், எங்களுக்கு விசா கிடைக்க வேண்டும். ஆறு வாரம் பேசினோம். அந்த ஆறு வாரமும் அந்தத் தேதிகள் காலியும் இல்லை, போனதும் இல்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்போமே, அந்த நிலை.

இதை எப்படிக் காலண்டரில் சொல்வது? வீடு மாற்றும் தளத்தில் தேதிக்குப் பல நிறம் உண்டு. வீட்டுக்கு வீடு நேர் மாற்றுக்கு மட்டும் ஒன்று, பதில் வீடு கேட்காமல் தளம் தருகிற புள்ளிக்கு விடலாம் என்று ஒன்று. வெளியே போகிற கோப்பில் அதெல்லாம் செத்துவிடும், 'ஆள் உண்டு' என்பது மட்டும்தான் மிஞ்சும். பாதி வாக்குக் கொடுத்த தேதி கோப்பிலேயே வராது. தமாஷ் என்னவென்றால், அந்த ஐகால் முறையிலேயே 'டென்டேட்டிவ்', அதாவது இன்னும் உறுதியாகவில்லை என்று எழுத இடம் இருக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். என்னுடைய மூன்று தளமும் அதைத் தொடுவதில்லை. பொங்கலையும் மாட்டுப் பொங்கலையும் வாடகைத் தளம் ஒன்று ஒரு பேச்சிலர் கும்பலுக்கு விற்றுவிட்டது. டச்சுக்காரர்களுக்கு விமான டிக்கெட் போட்டாகிவிட்டது. கும்பலை நான் ரத்து செய்தேன். அபராதம் 4,200 ரூபாய்.

அப்புறம் இந்தப் பேய்க் கூத்து. மூன்று தளம் என்றால் ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டின் சீட்டுக்கு லிங்க், மொத்தம் ஆறு லிங்க். நாலாவது சேர்ந்தால் பன்னிரண்டு. முதல் தளத்தில் ஒரு புக்கிங் விழுந்தது, இரண்டாவது அதைப் படித்துத் தேதியை அடைத்தது. அடைத்ததைத் தன் சீட்டிலும் எழுதி ஒட்டியது. வந்தவர் ரத்து செய்தார், முதல் தளம் தேதியைத் திறந்தது. திறந்த கையோடு இரண்டாவதின் சீட்டைப் படித்து, 'ஓ, அங்கே ஆள் இருக்கிறதோ' என்று மறுபடி அடைத்தது. தான் சொன்னது தன் காதிலேயே திரும்பி விழுகிறது, அது தெரியவில்லை அதற்கு! மாசி மாதம், மண்டைக்காடு கோயில் கொடைத் திருவிழா சமயம், நாலு நாள் வீடு சும்மா பூட்டிக் கிடந்தது. இல்லாத ஆளுக்கு மூன்று தளமும் இடம் பிடித்து வைத்திருந்தன.

நடுவில் ஒரு பொதுக் காலண்டரை வைத்தால் சரியாகும் என்று மகன் சொன்னான். வைத்தேன். நாள் கணக்கு உதைத்தது. நம் ஊர் நள்ளிரவு 12 மணி என்பது உலகப் பொது நேரத்தில் முந்தின நாள் மாலை 6.30. முழு நாள் என்று குறிக்காமல் மணியோடு குறித்த தேதியை ஒரு தளம் அந்தக் கணக்கில் எடுத்து, எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டது. போதாததற்கு ஐகாலில் முடியும் தேதி என்பது ஆள் கிளம்புகிற நாள், அன்றைக்கு ராத்திரி வீடு காலி. மாற்றுத் தளம் அதையும் சேர்த்து அடைத்துக்கொண்டது. அந்தப் பொதுக் காலண்டரோ புது விஷயத்தை எடுத்துக்கொள்ள அரை நாள் வரை எடுக்கிறது. வைத்தியம் நோயைவிட மோசம், எடுத்துப் போட்டுவிட்டேன்.

1953இலேயே ஐரோப்பாவில் பள்ளிக்கூட ஆசிரியர்கள் இன்டர்வாக் என்று ஒன்றை ஆரம்பித்து, லீவுக்கு வீடு மாற்றித் தங்கியிருக்கிறார்கள். அச்சடித்த பட்டியலும் தபாலும்தான். கடிதம் போய்ப் பதில் வர நாளாகும் என்று இரண்டு பக்கமும் தெரியும், அதற்குத் தகுந்தபடி பொறுத்திருப்பார்கள். எனக்குத் தாமதம்கூடப் பெரிசில்லை. தாமதத்தை மறைத்துப் பச்சை டிக் போடுகிறானே, அதுதான் வயிற்றெரிச்சல். 'கடைசியாகப் பார்த்தது 11.30, அடுத்து பார்ப்பது 2.30' என்று ஒரு வரி எழுதினால் குடியா முழுகிவிடும்? அந்த நேரத்துக்கு உடனடி புக்கிங்கை நானே நிறுத்தி வைக்க மாட்டேனா?

உடனுக்குடன் சொல்ல முடியாதா என்றால், முடியும். சேனல் மேனேஜர் என்று மாதச் சந்தா கட்டுகிற மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றுக்குத் தளங்களே நேர் இணைப்புக் கொடுக்கின்றன. ஐம்பது அறை வைத்திருக்கிற ஹோட்டலுக்குக் கட்டுபடியாகும். ஓட்டு வீடு ஒன்றை வைத்துக்கொண்டு மாதாமாதம் சந்தா கட்டினால் தென்னைக்கு உரம் வைக்கக்கூட மிஞ்சாது. நான் விசாரித்த ஒன்றில் என் மாற்றுத் தளத்தின் பெயரே இல்லை.

கஸ்டமர் கேரில் ஐந்து முறை ஒரே பதில். "லிங்க்கை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்." ஆறாவது முறை இன்னொரு வரி சேர்ந்தது: "காலண்டரைச் சரியாக வைத்திருப்பது ஹோஸ்டின் பொறுப்பு." சவம், பிறகு நீ எதுக்குடா கமிஷன் எடுக்கிறாய்?

தெரிந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு யோசனை. உடனடி புக்கிங்கை அணைத்துவிடு என்றார்கள். அணைத்தேன், தேடலில் வீடு காணாமல் போனது. சீசனில் ஒரு தளத்தில் மட்டும் திறந்து வை என்றார்கள். அதைத்தான் இப்போது செய்கிறேன். மீதி மாதங்களுக்கு ஒவ்வொரு லிங்க்குக்கும் பக்கத்தில் ஒரு புதுப்பி பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் அந்த நொடியே எட்டிப் பார்க்கும். காலையில் ஆறு லிங்க், மத்தியானம் ஆறு, ராத்திரி ஆறு என்று நானே அமுக்குகிறேன். ராத்திரி விளக்கணைக்கும் முன்னால் மனைவி இரண்டையும் சேர்த்தே கேட்கிறாள்: "பிரஷர் மாத்திரை போட்டாச்சா? காலண்டரை அமுக்கியாச்சா?"