சோழர் அரண்மனைக்கு வழி கேட்டு வராதீர்கள்

பொன்னியின் செல்வன் படம் வந்தாலும் வந்தது, தஞ்சாவூரில் குடியிருக்கிறவன் நிம்மதி போச்சு. வருகிற சொந்தக்காரர்கள் பெரிய கோயிலில் கும்பிட்டு முடித்த கையோடு, "சரி, அந்த அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். எந்த அரண்மனை? "படத்துல வருமே, மேல கும்பா கும்பாவா, சுத்தி மாடம் வெச்சு!"

ஐயா, அந்தப் படத்தின் சில காட்சிகளை மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவில் எடுத்தார்கள். அங்கே இருப்பது புந்தேலா ராஜாக்களின் மாளிகைகள். சோழ வம்சம் 1279-லேயே முடிந்துவிட்டது. ஓர்ச்சா தலைநகரானதே 16-ஆம் நூற்றாண்டில்தான். அந்தக் கதை நடக்கிற காலத்தில் நீங்கள் கும்பிட்டுவிட்டு வந்த பெரிய கோயில்கூடக் கிடையாது, அது முடிந்தது 1010-இல். சொன்னால் யார் காதில் ஏறுகிறது?

நச்சரிப்பு தாங்காமல் ஊருக்குள் இருக்கிற அரண்மனைக்குக் கூட்டிப் போனால் அது வேறு கூத்து. நாயக்கர் தொடங்கி மராட்டியர் வளர்த்த கட்டடம். தர்பார் மண்டபத்தின் வண்ணத்தூண் முன்னால் நின்று 'ராஜராஜன் வீட்டில் நான்' என்று ரீல்ஸ் போடுகிறார்கள். உள்ளே வெள்ளைப் பளிங்கில் கைகூப்பி நிற்கிற சரபோஜி மன்னரைக் காட்டி, "இவர்தானே ராஜராஜன்?" தலையில் மராட்டியத் தொப்பி இருக்கிறதே, அதையாவது பார்க்கக் கூடாதா!

நிஜமான சோழர் அரண்மனை வேண்டுமென்றால் கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து மாளிகைமேட்டுக்குப் போக வேண்டும். தொல்லியல் துறை தோண்டியதில் கிடைத்தது செங்கல் அடித்தளச் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் துண்டு. சாமிக்குத்தான் கல் கட்டடம். ராஜாவுக்குச் செங்கல்லும் மரமும் ஓடும். ஆசையாகக் கூட்டிப் போய்க் காட்டினேன். என் மைத்துனன் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், வீடு கட்ட வானம் தோண்டின மாதிரி இருக்கு" என்றான். கடாரம் வென்ற ராஜேந்திரன் புழங்கிய இடம்டா அது!

சினிமாக்காரர்களுக்குப் பிரமாண்டம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரத்துக்கும் ஓட்டுக்கும் இல்லாத கம்பீரமா? அப்படி ஒரு செட் போட்டிருந்தால் டிக்கெட் காசை யாராவது திருப்பிக் கேட்டிருப்பார்களா?

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறதாம். இப்போதே போனில் "அந்த அரண்மனை" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பேசாமல் ஜான்சிக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். அங்கிருந்து ஓர்ச்சா பக்கம்தான்.