மஸ்ஸிலியாவில் போர் நிறுத்தத்தை முறித்தது யார்?

ரோமானிய உள்நாட்டுப் போர் என்றாலே மர்மக் கதை தேடுகிறவர்கள் பலரும் சீசரின் கொலையில் போய் நிற்கிறார்கள். அதில் துப்பறிய என்ன இருக்கிறது? பட்டப்பகலில், அவை நடுவே, பலர் கண்ணெதிரே குத்தினார்கள். உண்மையான மர்மம் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, கி.மு. 49-இல், முற்றுகையில் சிக்கிய மஸ்ஸிலியாவில் கிடக்கிறது. இன்றைய பிரான்சின் மார்செய் நகரம்தான் அது.

கிரேக்கர்கள் குடியேறி வளர்த்த துறைமுகம், ரோமின் பழைய நண்பன். ரோமின் இரு பெருந்தலைவர்களான சீசரும் பாம்பியும் மோதிக்கொண்டபோது, "இருவரும் எங்களுக்கு நன்மை செய்தவர்கள், இருவரையுமே உள்ளே விடமாட்டோம்" என்று நகரத்தார் சீசரிடம் சொன்னார்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் பாம்பியின் ஆளான டொமீஷியஸ் கப்பல்களோடு வந்து சேர, அவரை உள்ளே விட்டுத் தலைமையையும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே நகரத்தை நான் அப்பாவி என்று சொல்லவில்லை. சீசர் முற்றுகையைத் தளபதி ட்ரெபோனியஸிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்பெயினுக்குப் போனார்.

வெளியே 80 அடி உயரத்துக்கு மண்மேடு எழும்பியது. மதிலை ஒட்டி, ஐந்தடி கனச் சுவரோடு, செங்கல் கோபுரம் ஒன்று மாடி மாடியாக வளர்ந்தது. ட்ரெபோனியஸின் முகாமிலிருந்து பார்த்தால் நகரத்தின் உள்பக்கம் தெரியும். கடற்போர் நடந்த நாளில் முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் வானை நோக்கிக் கை உயர்த்தி நின்றதை முற்றுகையிட்டவர்களே பார்த்தார்கள். கடைசியில் மதில் கோபுரம் ஒன்றின் அடித்தளத்தைப் பெயர்த்து அதன் ஒரு பகுதியைச் சரித்ததும், மக்கள் ஆயுதமின்றி வெளியே ஓடி வந்தார்கள். சீசர் திரும்பி வரும்வரை பொறுங்கள் என்று கெஞ்சினார்கள். போர் நின்றது.

பிறகு என்ன நடந்தது? இங்கேதான் சாட்சிகள் முரண்படுகிறார்கள்.

சீசர் தாமே எழுதிய போர்க் குறிப்பின்படி, சில நாள் கழித்து, உச்சிவெயில் நேரத்தில், பலத்த காற்று வீசும்போது, நகரத்தார் வஞ்சகமாக வாயில்களைத் திறந்து பாய்ந்து வந்து முற்றுகைக் கட்டுமானங்களுக்குத் தீ வைத்தார்கள். சிப்பாய்கள் ஓய்வில் இருந்தார்கள். ஆயுதங்கள் மூடி வைக்கப்பட்டிருந்தன. பல மாத உழைப்பு சாம்பலானது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ வேறு கதை சொல்கிறார். போர் நிறுத்தத்தின்போது இரவில் தாக்கியவர்கள் சீசரின் சிப்பாய்கள். நகரத்தார் அவர்களை அடித்து விரட்டினார்கள்.

காலத்தால் நெருங்கிய சாட்சி சீசர்தானே என்று கேட்பீர்கள். அவரும் அன்று அங்கே இல்லை. அவருக்கும் யாரோ சொன்னதுதான். சொன்னவர்கள் அவருடைய ஆட்கள்.

அவர் எழுதியதையே பொறுமையாகப் படியுங்கள். தீப்பிடிப்பதற்குச் சற்று முன்பு, சிப்பாய்களை நகரத்துக்குள் பாயவிடாமல் தடுப்பதே பெரும்பாடாக இருந்தது என்கிறார். வயதுவந்த ஆண்கள் அனைவரையும் வெட்டுவோம் என்று மிரட்டியவர்கள் அவர்கள். கொள்ளை கைநழுவிப் போனதற்கு ட்ரெபோனியஸ்தான் காரணம் என்று முணுமுணுத்தவர்களும் அவர்களே. அடுத்த பத்தியில் அதே ஆட்கள் ஆயுதத்தை மூடி வைத்துவிட்டு உறங்குகிறார்கள்! இத்தனை ஆத்திரம் சில நாளில் எங்கே போனது? இந்த இடைவெளியில்தான் டியோவின் இரவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கட்டளையை மீறிச் சிலர் இரவில் நுழையப் பார்த்தார்கள், உதை வாங்கினார்கள், நகரத்தார் இனி எந்த வாக்கையும் நம்பவில்லை. ட்ரெபோனியஸ் தம் தலைவருக்கு இதை எழுதியிருப்பாரா? நகரத்தைத் தாக்கிப் பிடிக்கவிடாதே என்று கடிதம் அனுப்பியிருந்தவரே சீசர்தான்.

தீ வைப்பு திட்டமிட்டது என்பதை மறுக்க மாட்டேன். காற்றின் திசை பார்த்து, நேரம் பார்த்துச் செய்தவர்கள் அவர்கள். அது துரோகத்தின் தொடக்கமா, துரோகத்துக்குப் பதிலா என்பதுதான் என் கேள்வி.

சிப்பாய்கள் எல்லாவற்றையும் மீண்டும் கட்டினார்கள். உள்ளே பழைய தினையும் கெட்டுப்போன பார்லியும் தின்று, கொள்ளைநோயில் விழுந்து, நகரம் சரணடைந்தது. சீசர் ஆயுதங்களையும் கப்பல்களையும் கருவூலப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, இரண்டு படையணிகளை அங்கே நிறுத்தினார், ஊரை அழிக்கவில்லை. அவர்களுடைய தகுதிக்காக அல்ல, நகரத்தின் பெயருக்காகவும் பழமைக்காகவும் விட்டேன் என்று எழுதி வைத்தார். அந்த இரவைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.