யானை நின்ற நாளுக்கும் கூலி கொடுங்கள்

காட்டில் மரங்களை அளக்கும் குழுக்களை ஒருங்கிணைப்பது என் தொழில். எந்தக் குழு எந்த மலைக்குப் போகிறது, ஜீப் எதுவரை போகும், அரிசி எத்தனை நாளைக்கு வரும், சரக அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் கையெழுத்தானதா, பொழுது சாய்வதற்குள் எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்பதே என் அன்றாடம். ஒரு குழு இறங்கி வரவில்லை என்றால் அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. இன்று எழுத வந்தது அந்தக் குழுக்களுக்குக் கூலி கொடுக்கும் முறையைப் பற்றி. பல நாளாக மனதில் அடக்கி வைத்திருந்தது.

நாட்டின் பரப்பில் 25.17 விழுக்காடு காடும் மரங்களும் இருக்கின்றன என்று 2023ஆம் ஆண்டுக்கான இந்திய வன நிலை அறிக்கை சொன்னது. பரப்பைச் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கிடலாம். ஆனால் அந்தக் காட்டில் எத்தனை கன மீட்டர் மரம் நிற்கிறது, அதில் எவ்வளவு கரிமம் சேர்ந்திருக்கிறது என்று அறிய யாராவது நடந்துபோய் மரத்தைச் சுற்றி நாடா பிடித்தாக வேண்டும். 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான கரிமத்தைக் கூடுதலாகக் காடுகளிலும் மரங்களிலும் சேர்ப்போம் என்று இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கின் கணக்கும் கடைசியில் இந்த நாடாவில்தான் வந்து நிற்கிறது.

1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், யானை மேல் அமர்ந்து போய், மூங்கில் துண்டில் கத்தியால் வெட்டுக் குறியிட்டு மரங்களைப் பருமன் வாரியாக எண்ணினார். இன்று கையில் டேப்லெட் இருக்கிறது. கண்ணால் பார்த்த மரத்துக்கு மட்டுமே குறி என்ற நெறி அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் என் ஆதங்கம் புரியும். தேசிய அளவிலான கணக்கெடுப்பில் நாட்டை 5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். மாதிரிக்கு எடுத்த இடத்தில் 8 மீட்டர் ஆரத்தில் நான்கு வட்டங்கள்: ஒன்று நடுவில், மற்ற மூன்றும் அதிலிருந்து 40 மீட்டர் தள்ளி மூன்று திசைகளில். நான் வேலை பார்த்த திட்டங்களும் ஏறத்தாழ இதே முறையில்தான் நடந்தன. நாங்கள் இதை பிளாட் என்போம். பிளாட் எங்கே விழும் என்பதைக் கணக்கு முடிவு செய்கிறது, நம் வசதி அல்ல. பாறைச் சரிவில் விழுந்தால் அங்கேதான் போக வேண்டும். சிரமம் என்று பாதையோரமாக நகர்த்தினால், மரம் வெட்டிப் போன, உண்ணிச்செடி மண்டிய இடமே திரும்பத் திரும்ப மாதிரியாகிவிடும். மனிதன் எளிதில் எட்டாத காட்டுக்குக் கணக்கில் இடமே இருக்காது.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் பொறுமை வேண்டும். 30 பாகைச் சரிவில் 8 மீட்டர் கிடைத்தூரம் வர நாடாவை 9.24 மீட்டர் இழுக்க வேண்டும். களைப்பில் 8 மீட்டரிலேயே நிறுத்திவிட்டால் வட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு காணாமல் போகும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், சரிவில் மேட்டுப் பக்கமாக நின்று, கொடியை விலக்கிவிட்டு அளக்க வேண்டும். கொடியோடு சேர்த்து அளந்து 40 சென்டிமீட்டர் விட்டத்தை 42 என்று எழுதினால் அடிமரத்தின் குறுக்குப் பரப்பு 10 விழுக்காடு கூடிவிடும். இலையுதிர்ந்த தை, மாசியில் மரத்தை இனம் காண்பது தனிக் கலை. கருமருதின் பட்டை முதலைத் தோல் போல வெடித்திருக்கும். வேங்கையைக் கீறினால் சிவப்பாகக் கசியும். இதையெல்லாம் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் வழிகாட்டிகளாக வரும் இருளர், குறும்பர், காடர் பெரியவர்கள். பல திட்டங்களில் அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் கூட இருக்காது.

இத்தனையும் சேர்ந்த வேலைக்குப் பல இடங்களில் பிளாட் கணக்கில் பணம் தருகிறார்கள். முடித்த பிளாட்டுக்கு இவ்வளவு, முடிக்காததற்கு ஒன்றுமில்லை. சிக்கனம் என்று நினைத்துச் செய்கிறார்கள். பொய்யை விலை கொடுத்து வாங்குகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

சத்தியமங்கலம் மலைப் பகுதியில் ஒரு முறை நடந்தது இது. வந்த படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிளாட்டில் 31 மரங்கள். உயரமெல்லாம் 10, 15, 20. ஒரு மரம் கூட 7 மீட்டரோ 13 மீட்டரோ இல்லை. காடு அப்படி ஐந்தைந்தாக வளராது. ஜிபிஎஸ் தடத்தைத் திறந்து பார்த்தேன். பிளாட்டுக்கு 600 மீட்டருக்கு முன்பே நின்றிருந்தது.

மறுநாள் முகாமுக்குப் போனேன். குழுத் தலைவன் இருபத்து நான்கு வயதுப் பையன், வனவியல் படித்தவன். "ஏன் தம்பி?" என்று மட்டும் கேட்டேன். "இதோடு நான்கு நாள் அக்கா. இதுவும் முடியவில்லை என்றால் நான்கு நாளும் வீண்" என்றான். முகத்தை நிமிர்த்தவில்லை. வழிகாட்டியாக வந்திருந்த இருளர் பெரியவர் குறுக்கே பேசினார்: "அவனைத் திட்டாதீர்கள் அம்மணி. பள்ளத்தில் குட்டியோடு யானை நின்றது. திரும்புவோம் என்று சொன்னது நான்."

அவர் சொன்னது சரியான முடிவு. ஐந்து பேரை உயிரோடு திருப்பி அழைத்து வந்திருக்கிறார். அந்த முடிவுக்கு எங்கள் கூலிப் பட்டியலில் மதிப்பு பூஜ்யம். எதிர்ச்சரிவில் உட்கார்ந்து கற்பனையாக நிரப்பிய படிவத்துக்கோ முழுத் தொகை. அந்தப் பையனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள்தான் அவனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

அந்தப் படிவத்தை ரத்து செய்தேன். நான்கு நாள் கூலியையாவது தாருங்கள் என்று மேலே எழுதினேன். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை என்று பதில் வந்தது.

அடுத்து வந்த திட்டத்தில் நான் பிடிவாதமாக நின்று நாள் கூலி முறையைக் கொண்டுவந்தேன். வழிகாட்டி உட்பட எல்லாருக்கும் விபத்துக் காப்பீடு. படிவத்தில் "அணுக முடியவில்லை" என்று ஒரு கட்டம், காரணம் எழுத இரண்டு வரி இடம். முதல் வாரமே ஒரு குழு எழுதி அனுப்பியது: "யானை. 11.20க்குத் திரும்பினோம்." முழு நாள் கூலிக்கு நான் கையெழுத்திட்டேன். எல்லாரும் அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டுக் கூடாரத்தில் படுத்துக்கொள்வார்கள் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை. பத்தில் ஒரு பிளாட்டை நானே போய் மறுபடி அளந்து பார்த்தேன். உயரங்கள் 7, 13, 16.5 என்று வரத் தொடங்கியிருந்தன.

ரத்தான அந்தப் பழைய பிளாட்டுக்கும் மறு ஆண்டு ஜனவரியில் போனோம். அதே பெரியவர், அதே பையன். பள்ளம் வறண்டு கிடந்தது. நான்கு வட்டத்திலும் சேர்த்து 19 மரங்கள். பெரியவர் பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார், பையன் எழுதிக்கொண்டே வந்தான்.

அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தங்கள் பல அலுவலகங்களில் இப்போது தயாராகிக்கொண்டிருக்கும். அவற்றை எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: வழிகாட்டி திரும்பச் சொன்ன நாளுக்கு, குழுவில் உள்ள அனைவருக்கும் முழுக் கூலி.